அம்மாவின் அறையில் கமரா: வலிகாமத்து வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளில் இன்று வைஃபை கமரா சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். காசு அங்கிருந்து வருகிறது, பூட்டிக் கொடுக்க இங்கே கடைகள் இருக்கின்றன, அரை நாளில் வேலை முடிந்துவிடுகிறது. கமராவின் பார்வைக்குள் வாழப்போகிறவர்களிடம் கேட்பது மட்டும் பெரும்பாலான வீடுகளில் விடுபட்டுப் போகிறது. அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு வீட்டைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதியோர் பராமரிப்புத் தொடர்பாகக் குடும்பங்களோடு வேலை செய்வது என் தொழில். இந்த வீட்டு மகள் லண்டனிலிருந்து அழைத்து, "அண்ணாவுக்கும் அம்மாவுக்கும் நடுவிலை நான் நிண்டு களைச்சுப்போனன் அக்கா, ஒருக்கால் போய்ப் பாருங்கோ" என்று கேட்டபின்தான் உள்ளே போனேன். இதை எழுத அம்மா, பிள்ளைகள், உதவிக்கு இருக்கும் பெண் எல்லோரும் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் ஆட்களும்

அம்மாவுக்கு 78 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் சனம் வெளியேறி யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி வெறுமையானபோது, கிழக்கே தென்மராட்சிக்கு நடந்து போனவர்களில் ஒருவர். மறு வருடம் திரும்பிவந்து, கதவு நிலைகூட மிஞ்சாத வீட்டைச் சிறுகச் சிறுகக் கட்டி எழுப்பினார். கணவர் இறந்த பின்னும் அந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. மறதி தொடங்கியிருக்கிறது. காலையில் தெளிவாக இருப்பார், பொழுதுபடப் பொழுதுபடக் குழம்புவார்.

மூத்த மகன் ரொறன்ரோவில். 19 வயதில் போனவர். தகப்பனின் இறுதிச் சடங்கை நேரலையில், கைபேசித் திரையில் பார்த்தவர். அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விபரம் போதும். மகள் லண்டனில். அம்மாவோடு தங்கியிருக்கும் உதவியாளர் கிளிநொச்சிப் பக்கத்தவர், நாற்பதைக் கடந்தவர். அம்மா அவரைப் "பிள்ளை" என்று கூப்பிடுவார், அவர் அம்மாவை "ரீச்சர்" என்பார்.

அம்மா ஒரு நாள் இரவு குளியலறைப் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் விடியும்வரை யாருக்கும் தெரியாது. பக்கத்து அறையில் படுத்திருந்த உதவியாளருக்கும் கேட்கவில்லை. மகன் அடுத்த கிழமையே காசு அனுப்பி நான்கு கமராக்கள் பூட்டுவித்தார். ஒன்று படலையைப் பார்த்தபடி, ஒன்று ஹோலில், ஒன்று பின்பக்கம் குசினிக் கதவுக்கு மேலே, ஒன்று அம்மாவின் படுக்கையறையில்.

என்ன நடந்தது

அம்மாவிடம் சொன்னது, "கள்ளர் வராமல் இருக்கிறதுக்கு" என்பது மட்டும். உதவியாளரிடம் அதுவும் சொல்லப்படவில்லை. பூட்ட வந்த இளைஞன், அவர் கேட்டபோது "இது ரீச்சருக்குத்தான்" என்றிருக்கிறான். கமரா ஒலியையும் பதிவுசெய்யும் என்பது வீட்டில் இருந்த இருவருக்குமே தெரியாது.

முதலில் தெரியவந்தது உதவியாளருக்கு. ரொறன்ரோவிலிருந்து மகன் அழைத்து, "நேற்றுப் பின்னேரம் ஆரோடை அவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்? அம்மா கூப்பிட்டது கேட்கேல்லையோ?" என்று கேட்டார். உதவியாளர் ஹோலில் இருந்து தன் மகளோடு பேசியது குடும்ப விடயம். அது என்ன என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. செயலியின் கடவுச்சொல் மகனிடம் மட்டும் இருக்கவில்லை. மனைவியிடம் இருந்தது, மனைவியின் தங்கையிடம் இருந்தது, "அவசரத்துக்கு" என்று கொழும்பில் ஒரு மச்சானிடமும் இருந்தது. யாரோ கேட்டது யாருக்கோ போய், சில கிழமைகளில் உதவியாளரின் சொந்த ஊரிலேயே அவருடைய மகளைப் பற்றிய கதையாக வந்து நின்றது. அவர் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்பக்கக் கமராவின் கதை வேறு. யாழ்ப்பாணத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பின்வளவு என்றால் கிணற்றடி. குளியலறை கட்டிய வீடுகளிலும் பெண்கள் கிணற்றடியில் குளிப்பது இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிடுகு வேலி உயர்ந்து நின்று மறைத்தது, இப்போது மதில். ஆனால் மதில் நிலத்தில் நிற்பவர் கண்ணுக்குத்தான் மறைப்பு. பத்தடி உயரத்தில் பூட்டிய அகலக் கோணக் கமராவுக்கு அந்த மதில் ஒரு கோடு மாத்திரமே. பக்கத்து வளவுக் கிணறு படத்தின் மூலையில் முழுதாக விழுந்தது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை குளிக்கும் நேரமெல்லாம் அசைவு அறிவிப்பு ரொறன்ரோவுக்குப் போயிருக்கிறது. மகன் அதைத் திறந்து பார்க்காமல் தள்ளிவிட்டதாகச் சொல்கிறார். நான் நம்புகிறேன். மற்ற மூன்று பேரின் கைபேசிகளுக்கும் அதே அறிவிப்பு போனது. பிள்ளையின் தகப்பன் படலையில் வந்து நின்று சத்தம் போட்டார், பிறகு கிராம அலுவலரிடம் போனார். முப்பது வருடமாகக் கறி மாறிய இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சு நின்றது.

மூன்றாவது, குடும்ப வட்ஸ்அப் குழு. அம்மா குழம்பியிருந்த ஒரு பொழுதின் பதிவை, "அம்மா படுற பாட்டைப் பாருங்கோ" என்று மருமகள் அதில் போட்டார். கெட்ட நோக்கம் இல்லை, இரக்கத்தில் போட்டது. குழுவில் நாற்பதுக்கு மேல் ஆட்கள், அவர்களில் சிலர் அம்மாவிடம் படித்தவர்கள்.

படுக்கையறை

நான் அதிகம் நேரம் செலவிட்டது இந்தக் கமராவோடுதான்.

ரொறன்ரோ கோடையில் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால். அதனால் மகனின் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அம்மாவின் இரவு. வேலைத்தலத்தில் இடைவேளைக்கு அவர் கைபேசியைத் திறக்கும்போது இங்கே அம்மா படுத்திருப்பார். அகச்சிவப்பு ஒளியில் எடுத்த சாம்பல் நிறப் படத்தில், புரள்வதும் எழும்புவதும் உடுப்பை இழுத்துவிடுவதுமாக அவர் தெரிவார். பகலில் அம்மா தெளிவாக, புத்தகம் பார்த்துக்கொண்டு, பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் நேரம் மகன் தூங்குகிறார். மகனுக்குத் தெரிந்த அம்மா, மாதக்கணக்காக, இரவில் குழம்பும் அம்மா மட்டுமே. "அம்மா நல்லா ஏலாமல் போட்டா" என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அம்மா கமராவுக்கு மேல் துவாயைப் போட்டார். மறைக்கப்பட்டதாக அறிவிப்புப் போனது, மகன் உதவியாளரை அழைத்து ஏசினார், துவாய் எடுக்கப்பட்டது. மறுநாள் திரும்பவும் துவாய். அதன் பிறகுதான் யாரும் கவனிக்காத ஒன்று நடந்தது. அம்மா சீலை மாற்றுவதைக் குளியலறைக்கு மாற்றிக்கொண்டார். அவர் விழுந்த அதே குளியலறை, அதே படி, ஈரத் தரை. கட்டிலில் இருந்து ஆறுதலாக உடுத்த ஒருவர், கமராவுக்குப் பயந்து, ஒற்றைக் காலில் சமநிலை தேடும் இடத்துக்குப் போனார். விழாமல் காக்க வந்த கருவி அவரை விழக்கூடிய இடத்துக்கே அனுப்பியது. குளியலறையில் கமரா இல்லை என்பதால் மகன் கைபேசியில் இது தெரிய வழியும் இல்லை. உதவியாளருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

காலைத் தேநீருக்குப் பிறகு, அம்மா தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, மகளின் அனுமதியோடு என் கைபேசியில் செயலியைத் திறந்து காட்டினேன். கமரா என்ன பார்க்கிறது என்பதை அதுவரை யாரும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை. கட்டிலைப் பார்த்தார், தன் தலையணையைப் பார்த்தார். "இதையோ அவன் பாக்கிறவன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமிச் சென்றியைத் தாண்டிப் போய் வந்த காலத்திலையும் வீட்டுக்குள்ளை வந்தால் கதவைச் சாத்தலாம். என்ரை வீட்டிலை இப்ப நான் ஆருக்கு ஒளிக்கிறது?" என்று கேட்டார்.

இந்த மண்ணில் கண்காணிப்பு என்பது புதிய சொல் இல்லை. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற தலைமுறை, தலையாட்டிக்கு, அதாவது முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுப்பவருக்கு, முன்னால் நிறுத்தப்பட்டுத் திரும்பிவந்தவர்களைக் கண்ட தலைமுறை இது. சுவரில் சிவப்பாக எரியும் சின்ன விளக்கு அவர்களுக்குள் எதைக் கிளறும் என்பதை, கமரா வாங்கும் பிள்ளைகள் ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டும். அவர்கள் கெட்ட பிள்ளைகள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவருக்குப் பயம் பெரிது. அந்தப் பயத்துக்கு மருந்தாகச் சந்தையில் பெரும்பாலும் விற்கப்படுவது கமராதான்.

மறதி தொடங்கிய ஒருவரிடம் சம்மதம் கேட்டுப் பயன் என்ன என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. முடிவெடுக்கும் ஆற்றல் முழுதாக இருக்கும் அல்லது முழுதாக இல்லை என்று பார்ப்பது பிழை. வங்கிக் கணக்கைக் கையாள இயலாதவருக்கும், தன் படுக்கையறையை யார் பார்க்கலாம் என்பதில் தெளிவான விருப்பம் இருக்கலாம். இந்த அம்மாவுக்கு இருந்தது. வேறு வேறு காலைகளில் கேட்டேன், பதில் மாறவில்லை. அதற்கு முன்பே துவாயைப் போட்டுப் பதில் சொல்லியிருந்தார்.

பதிவுகள் எங்கே போயின

கமரா பிடிக்கும் படம் வீட்டு ரவுட்டர் வழியாக உற்பத்தி நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போய், அங்கிருந்து கைபேசிக்கு வருகிறது. வீட்டுக்குள்ளேயே நினைவட்டையில் சேமித்தாலும், அறிவிப்பும் தொலைவில் இருந்து பார்க்கும் வசதியும் பொதுவாக அந்தச் சேவையகத்தை நம்பியே இருக்கின்றன. கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரே முழு அதிகாரம் உள்ளவர், மற்றவர்கள் அவர் பகிர்ந்து கொடுத்தவர்கள்.

இந்த வீட்டில் கணக்கு மகன் பெயரில் இல்லை. பூட்ட வந்த கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கி, கடவுச்சொல்லை மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வேலை கெதியாக முடிய வேண்டும் என்று இப்படிச் செய்வது இங்கே பல இடங்களில் நடக்கிறது. கடையில் யாரும் பார்த்ததற்கு ஒரு சான்றும் இல்லை. பார்க்க முடிந்திருக்கும் என்பதே போதுமான பிரச்சினை. ஒரு முதிய பெண்ணின் படுக்கையறை, மாதக்கணக்காக, யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் மின்னஞ்சலுக்குச் சொந்தமான கணக்கில் இருந்தது.

நிறுவனங்களின் பக்கமும் நம்பி இருந்துவிட முடியாது. அமேசனுக்குச் சொந்தமான ரிங் என்ற கமரா நிறுவனத்தில், பெண்களின் படுக்கையறை, குளியலறைப் பதிவுகளை ஒரு ஊழியர் ஆயிரக்கணக்கில் பார்த்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2023இல் 58 இலட்சம் டொலர் கட்டச் செய்தது. 2024 பெப்ரவரியில் வைஸ் என்ற இன்னொரு கமரா நிறுவனத்தின் சேவை தடைப்பட்டு மீண்டபோது, சுமார் 13,000 பயனாளர்களின் செயலியில் வேறு வீடுகளின் படங்கள் தோன்றின. 2016இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளுக்குள் புகுந்து கெடுதி செய்யும் மென்பொருள்), தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் ஆயிரக்கணக்கில் கைப்பற்றி, ஒக்டோபர் 21 அன்று இணையத்தின் பெரும் பகுதியையே தடுமாற வைத்தது. அந்தப் பாடத்தின் பிறகுதான் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்தது.

சட்டம்

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டிய அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. இந்த வீட்டு விடயத்தில் அதைவிட முக்கியமானது, முற்றிலும் தனிப்பட்ட, வீட்டு நோக்கத்துக்காக ஒருவர் கையாளும் தரவை அந்தச் சட்டம் தொடுவதில்லை என்பது. வீட்டுக்காரர் பார்வையில் இது நல்ல ஏற்பாடு. அதே வீட்டில் சம்பளத்துக்கு இருக்கும் பெண்ணின் பார்வையிலும் மதிலுக்கு அப்பால் குளிக்கும் பிள்ளையின் பார்வையிலும் அப்படி இல்லை.

ஐரோப்பாவிலும் இதே விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்கு எல்லை போட்டிருக்கிறார்கள். செக் நாட்டில் வீட்டு யன்னலைச் சிலர் உடைத்ததால் ஒருவர் கமரா பூட்டினார். அது தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் பதிவுசெய்தது. தெருவையும் பிடிக்கும் கமராவை முற்றிலும் வீட்டு நோக்கம் என்று சொல்ல முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2021இல் ஒக்ஸ்ஃபோர்ட் நீதிமன்றம், அயலவரின் வளவு வரை ஒலியைப் பிடித்த கதவு மணிக் கமரா வழக்கில், படத்தைவிட ஒலிப்பதிவே கூடுதல் பாதகமானது என்று கண்டது. நான் இதை மகளிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் ஆடிப்போனார். லண்டனில் தன் வீட்டுக் கமராவைப் பக்கத்து வீட்டுத் தோட்டம் தெரியாதபடி அவரே திருப்பி வைத்திருக்கிறார். அம்மா வீட்டில் அந்த எண்ணமே வரவில்லை.

உதவியாளரின் நிலை இன்னும் மோசம். வீட்டில் தங்கி வேலை செய்பவரின் தனிமை மதிக்கப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு 189ஆம் சமவாயம் சொல்கிறது. இங்கே அவரிடம் ஒரு எழுத்து ஒப்பந்தம்கூட இல்லை. அவருக்கு அந்த வீட்டில் கமரா இல்லாத இடங்கள் அவர் படுக்கும் அறை, குளியலறை, முன்வளவில் மாமரத்தடி.

மகன் ஒரு தடவை, பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்று சொல்லும் 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை எனக்கு எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரி. அதே சட்டத்தின் பெயரிலேயே முதியோரின் உரிமை என்றும் இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டார், ஆனால் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

செய்தவை

முதலில் குளியலறை. படியை உடைத்துச் சரிவாக்கி, இரண்டு பக்கமும் பிடிகம்பி வைத்து, வழுக்காத விரிப்புப் போட்டு, இரவு முழுக்க எரியும் சின்ன விளக்குப் பூட்டினோம். விழுந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை. நான்கு கமராக்களுக்குக் கொடுத்த காசோடு பார்த்தால் சின்னச் செலவு. கட்டிலிலும் குளியலறையிலும் அழுத்தினால் உதவியாளரின் அறையில் அடிக்கும் கம்பியில்லா மணி வைத்தோம். அம்மா அதைப் பள்ளிக்கூட மணி என்கிறார், அடித்துப் பார்ப்பதில் அவருக்கு விருப்பம்.

படுக்கையறைக் கமரா கழற்றப்பட்டது. மகனை இதற்கு ஒப்புக்கொள்ள வைத்தது என் வாதம் எதுவும் இல்லை, அம்மா எங்கே நின்று சீலை மாற்றுகிறார் என்ற தகவல். அதைக் கேட்டபின் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கழற்றச் சொல்லுங்கோ" என்றார். அதற்குப் பதிலாகக் கட்டிலடியில், படமோ ஒலியோ எடுக்காத, அசைவை மட்டும் உணரும் கருவி வைத்தோம். இரவில் அம்மா எழும்பி நீண்ட நேரம் திரும்பாவிட்டால் உதவியாளருக்கு முதலிலும், பிறகு பிள்ளைகளுக்கும் அறிவிப்புப் போகும்.

பின்பக்கக் கமராவைக் கீழே இறக்கி, குசினிக் கதவை மட்டும் பார்க்கும்படி திருப்பினோம். பக்கத்து வீட்டுத் தகப்பனையும் பிள்ளையையும் கூப்பிட்டு, கைபேசியில் என்ன தெரிகிறது என்பதை அவர்களே பார்க்கச் செய்தோம். மத்தியஸ்த சபைவரை போகாமல் அத்தோடு நின்றது. ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் கிணற்றடிக்கு வருவதில்லை என்று தாய் சொல்கிறார். பழைய பதிவுகளை நினைவட்டையிலும் சேவையகத்திலும் அழித்ததைக் காட்டினோம். அதுவும் அந்தப் பிள்ளைக்குப் போதவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது.

கணக்கு மகன், மகள் இருவரின் பெயருக்கும் மாற்றப்பட்டது. வேறு யாருக்கும் இப்போது பார்க்க வழியில்லை. ஹோல் கமராவின் ஒலி நிறுத்தப்பட்டது. அதன் மின்னிணைப்புக்கு அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சுவிட்ச் போடப்பட்டது, அவர் விரும்பும்போது அணைக்கலாம். அணைந்து கிடந்தால் காரணம் கேட்காமல் வீட்டுத் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு எடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு. மின்வெட்டுக்கும் இதே ஒழுங்கு. முன்பு மின்சாரம் போய்க் கமரா நின்றால் உதவியாளர்தான் ஏச்சு வாங்கினார்.

மகன் இப்போது ரொறன்ரோவில் படுக்கப் போகுமுன், இங்கே அம்மா தெளிவாக இருக்கும் காலைநேரத்தில், வீடியோ அழைப்பு எடுக்கிறார். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா அவருக்குப் பாட்டுப் பாடிக் காட்டியதாக என்னிடம் சொன்னார்.

தீராதவை

உதவியாளர் திரும்பி வந்துவிட்டார், சம்பளத்தை உயர்த்தக் கேட்டு இல்லை. எந்தக் கமரா எதைப் பார்க்கும், ஒலி இருக்காது, பதிவு யாரிடம் இருக்கும் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம். அவருடைய மகளின் விடயம் ஊரில் கதையானதை எந்தத் தாளும் திருப்பி எடுக்காது. மகன் என்னிடம் வருந்தினார். உதவியாளரிடம் நேரே சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.

வட்ஸ்அப் பதிவை மருமகள் அழித்தார். அதற்குள் பிள்ளைகள் அறியாத கைபேசிகளுக்குப் போய்விட்டது. அம்மாவிடம் அதைப் பற்றிச் சொல்வதா விடுவதா என்பதில் குடும்பத்துக்குள் ஒற்றுமை இல்லை. சொல்ல வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அவருடைய பழைய மாணவர்கள் பார்த்த ஒன்று, அவருக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை. மகள் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்.

பெரிய கேள்வி இனி வரும் காலத்தைப் பற்றியது. மறதி கூடினால், அன்று மகன் திரும்பவும் படுக்கையறைக் கமராவைப் பூட்டலாமா? அதை இப்போதே அம்மாவிடம் கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினார்: ஹோலில் இருக்கலாம். படுக்கையறையிலும் குளிக்கிற இடத்திலும் வேண்டாம், எனக்கு நினைவு தப்பினாலும் வேண்டாம். என்ரை படத்தை ஒருத்தருக்கும் அனுப்பக்கூடாது. கீழே தன் முழுப்பெயரையும் கையெழுத்தையும், ஆசிரியையாக இருந்த நாட்களின் அதே சாய்வெழுத்தில் போட்டார். மகள் கையெழுத்திட்டிருக்கிறார். மகன் இன்னும் இடவில்லை. அந்த ஒரு வரியில் "நினைவு தப்பினாலும்" என்பதை எடுத்துவிட்டால் இடுவேன் என்கிறார். அதை எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வரும்போது நேரில் இருந்து பேசுவதாக விட்டிருக்கிறோம்.